களை எனப்படுவது யாது?

அக்கினி நட்சத்திரம் மே மாத இறுதியில் விடைபெறுகிறது. அது விட்டுச் செல்லும் நிலத்தின் கோலத்தைக் காண விரும்புவோர் வேளச்சேரியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் இருக்கும் புல்தரைகளைப் பார்த்தால் போதும். ஏரியாகவும் அதன் பாசன வயல்களாகவும் இருந்த களிமண் பூமி இது. அதன்மீது கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, மேலே சிறிது செம்மண் பரப்பி, நாற்றுப்பண்ணையில் சதுர அடிக் கணக்கில் வாங்கிய புல்லைப் பாய் விரிப்பதுபோல் விரித்துவிடுவது இங்கே வழக்கம். ஏப்ரலில் தண்ணீர் குறையும். மே மாதத்தில் புல் வைக்கோலாகும். அடியிலுள்ள களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பின்னர் ஜூன் மாதத்து மாலையொன்றில் இடியுடன் மழை பெய்யும். ஒரு வாரத்தில் தரை மீண்டும் பச்சையாகிவிடும். குனிந்து பார்த்தால், அந்தப் பச்சை வாங்கிவந்த புல்லின் பச்சை அன்று. கோரை முந்தி நிற்கும். அதனிடையே அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, சுவரோரத்தில் நெருஞ்சி, நடைபாதைக் கற்களின் இடுக்கில் பருப்புக்கீரை. புல்லோ அங்கொரு திட்டு, இங்கொரு திட்டாக, நெடுநாள் நோயுற்றவரின் தலைமயிர்போல் மெலிந்து கிடக்கும்.

இந்நிலையில் ஆண்டுதோறும் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஒரே வகையான பேச்சு எழுகிறது. ஆள் விட்டுப் பிடுங்குவோம் என்பார் ஒருவர். மருந்து அடித்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பார் மற்றொருவர். எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிய புல் பதிப்போம் என்பார் வசதி படைத்த மூன்றாமவர். மூன்று யோசனைகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: குற்றம் களையினுடையது, களை போனால் தரை நலம்பெறும். இவ்வெண்ணம் சரிதானா என்று சற்றுக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். புல்தரைக்கு மட்டுமே உரிய கேள்வியாயின் இவ்விதழின் பக்கங்களை அதற்காகச் செலவிட வேண்டியதில்லை. மனிதரைப் பற்றியும் நாம் இதே மொழியில்தான் பேசி வருகிறோம். ‘களையெடுப்பு’ என்னும் சொல் கட்சி அலுவலகத்திலும், தொழிற்சாலையிலும், சிற்சில வேளைகளில் பங்குப் பேரவையிலும்கூட வெகு இயல்பாகப் புழங்குகிறது.

1977ஆம் ஆண்டு லெராய் ஹோம் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பல நாடுகளின் வயல்களில் எந்தக் களை எவ்வளவு இடர் விளைவிக்கிறது என்று ஒப்பிட்டு அவர்கள் வகுத்த வரிசையில் முதலிடம் பெற்றது நம் கோரை. அதில் வியப்பில்லை. வியப்பு இரண்டாம் இடத்தில் இருக்கிறது. இரண்டாம் இடம் அருகம்புல்லுக்கு! எட்டாம் இடம் ஆகாயத்தாமரைக்கு. வேளச்சேரி ஏரியைப் பார்த்தவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒன்பதாம் இடம் பருப்புக்கீரைக்கு.

சென்னையின் வெயிலையும் மிதியையும் தாங்கி நிற்கக்கூடிய புற்களுள் அருகு முதன்மையானது. அதைத்தான் காசு கொடுத்து வாங்கி, நீர் வார்த்து, நடுவே முளைக்கும் கோரையைப் பிடுங்கிக் காக்கிறோம். அதே அருகை நன்செய் உழவர் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கவிடாமல் மண்வெட்டியோடு காவல் காக்கிறார். அவருக்கு அது களை; நமக்கு அது பயிர். மணமக்களை ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ வாழ்க என்று வாழ்த்தும் பெரியவரும் பெரும்பாலும் அந்த உழவரேதான். ஒரே கையில் மண்வெட்டியும் வாழ்த்தும் இருக்கின்றன.

தாவர நூல்களில் ‘களை’ என்றொரு குடும்பம் கிடையாது. செடியின் வேரிலோ இலையிலோ அப்படி ஓர் அடையாளம் எழுதப்படவில்லை. இந்த இடத்தில், இந்தக் காலத்தில், இந்த மனிதருக்கு இது வேண்டாம் என்னும் தீர்ப்பே களை. தீர்ப்பு என்றால் தீர்ப்பு சொல்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு விருப்பமும் ஒரு நலனும் இருக்கின்றன. எங்கள் குடியிருப்பில் களை எடுக்க வரும் முதிய பெண்மணி ஒருவர் பிடுங்கியவற்றுள் சிலவற்றை மட்டும் தனியே முந்தானையில் சேர்த்துக்கொள்வார். ஏனென்று கேட்டபோது, “இத எதுக்கு சார் தூக்கிப் போடணும்? இது பருப்புக்கீரை. ராத்திரிக்குக் கடைஞ்சிடலாம்” என்றார். கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கென்று எடுத்துவைத்தார். கோரையின் கிழங்கைக்கூட அவர் முற்றிலும் வெறுக்கவில்லை. உலர்த்தி இடித்துக் குளியல் பொடியில் சேர்த்தால் மணக்கும் என்பதை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். உலகின் முதற்பெருங்களை நம் வீட்டுப் பிள்ளைகளின் மேனியில் மணத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், ‘ஆகவே களை என்று எதுவுமே இல்லை, எல்லாம் பார்க்கும் கண்ணில் இருக்கிறது’ என்று முடித்துவிடுவது எளிது, இன்று அப்படி முடிப்பது பலருக்குப் பிடித்த வழக்கமுமாகும். நமக்கு அதில் உடன்பாடில்லை. பார்த்தீனியம் என்னும் செடி 1950களில் இந்தியாவில் பரவத் தொடங்கியது. அதன் மகரந்தம் மூச்சுத்திணறலையும், அதன் தொடுகை தோல் அரிப்பையும் பலருக்குத் தருகின்றன. வேறு செடிகளை அண்டவிடாத பொருள்களையும் அது மண்ணில் விடுகிறது. சிறுவர் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் நெருஞ்சி முள் இருப்பது பார்வையைப் பொறுத்த செய்தி அன்று. காலைப் பொறுத்த செய்தி. இவற்றைப் பிடுங்கத்தான் வேண்டும். பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். ஆக, நம் கண்ணுக்கு உவக்காத செடியும் பிறர் உடலுக்கு ஊறு செய்யும் செடியும் ஒன்றல்ல. முதலாவதைக் களை என்று அழைப்பது நம் வசதி. இரண்டாவதைக் களை என்று அழைப்பது நம் கடமை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதே குழப்பத்தின் தோற்றுவாய். ஒழுங்கின்மையைக் கொடுமை என்று எண்ணித் தண்டிப்பதும், கொடுமையை வெறும் ஒழுங்கின்மை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வதும் அந்தக் குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. குடும்பங்களில் இதைக் காணாதவர் இல்லை. முடியை நீளமாக வளர்த்த மகனுக்கு வீட்டில் பெரும் போர் நடக்கும். மனைவியைக் கை நீட்டும் மருமகனைப் பற்றி, ‘அவர் குணம் அப்படி’ என்ற பேச்சோடு அடங்கிவிடும்.

களையெடுத்தலைப் பற்றி நம் மரபில் இரு பெருங்குரல்கள் உள்ளன. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியில், கொடியோரை அரசன் தண்டித்து ஒடுக்குவதைப் பசும்பயிரைக் காக்க உழவன் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். அவர் நோக்கில் களை எடுக்காத உழவன் கருணையுள்ளவன் அல்லன்; பயிருக்குத் துரோகம் செய்பவன். நற்செய்தியிலோ, மத்தேயு 13ஆம் அதிகாரத்தில், கோதுமையினிடையே பகைவன் விதைத்த களைகளைக் கண்டு பணியாளர் பிடுங்க விரைகின்றனர், நிலக்கிழார் தடுக்கிறார், இரண்டும் அறுவடைவரை வளரட்டும் என்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிர்க் கருத்துகள். ஆனால் நிலக்கிழார் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். களை நல்லது என்று அவர் சொல்லவில்லை. களைகளைப் பறிக்கும்போது கோதுமையும் கூடவே பறிபட்டுவிடும் என்று அஞ்சுகிறார். அவருடைய ஐயம் பணியாளரின் கையைப் பற்றியது. அக்களை எது என்பதையும் அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். கோதுமைக்கு உறவான ஒரு புல் அது. கதிர் வெளிவரும்வரை கோதுமையிலிருந்து பிரித்தறிவது அரிது. அதன் மணிகளைத் தொற்றும் ஒருவகைப் பூஞ்சணத்தால் அவை நஞ்சாவதுண்டு. பிறர் பயிரில் அதை விதைப்பது ரோமைச் சட்டத் தொகுப்பில் வழக்குக்குரிய குற்றமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. எனவே பகைவன் செய்ததாகச் சொல்லப்படும் செயல் வெறும் கற்பனை அன்று.

நம் நெல்வயல்களிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. குதிரைவாலிக்கு உறவான ஒரு களைப்புல், இளமையில் நெற்பயிரைப் போலவே நிறமும் நிலையும் காட்டும். இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம் சிந்தனைக்குரியது. நெல்லிலிருந்து வேறுபட்டுத் தோன்றியவற்றையெல்லாம் மனிதக் கைகள் தலைமுறை தலைமுறையாகப் பிடுங்கி எறிந்தன. நெல்லைப் போன்றே தோன்றியவை மட்டும் தப்பிப் பிழைத்தன. அவற்றின் வழித்தோன்றல்களே இன்று வயலில் நிற்பவை. ஓயாத களையெடுப்பே பயிர் வேடம் பூண்ட களையைப் படைத்திருக்கிறது! நிறுவனங்களில் கடுமையான சோதனைகள் பெருகப் பெருக, அகப்படுபவர் பெரும்பாலும் எளியவராகவும், தப்புபவர் பெரும்பாலும் நல்லவரைப்போல் நடக்கத் தெரிந்தவராகவும் இருப்பதை இதனோடு பொருத்திப் பார்க்கலாம்.

இவ்வுவமையைத் திருச்சபையின் ஆசிரியர்கள் ஒரே விதமாகப் படிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் புனித யோவான் கிறிசோஸ்தோம், தப்பறைக் கொள்கையினரைக் கொல்லலாகாது என்பதற்கு இதனைச் சான்றாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாரோ, நல்லோருக்குத் தீங்கு நேராது என்னும் நிலை இருக்குமாயின் தீயோரை அகற்றுவதை இவ்வுவமை தடுக்கவில்லை என்று வாதிட்டார். நூற்றாண்டுகள் பல கடந்து, 2018ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் வாசகத்தையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று அறிவிக்கச் செய்தார். ‘பிடுங்கலாமா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லத் திருச்சபைக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்றால், நலச்சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரத்தில் விடை கண்டுவிடுவோர் சற்று நிதானிக்கலாம்.

எனினும் தோட்டக்காரர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்பார். வயலுக்கு அறுவடை நாள் உண்டு. புல்தரைக்கு அறுவடை ஏது? அறுவடைவரை பொறுப்பது என்றால் என்றென்றும் பொறுப்பதா? குடும்பத்துக்கும், ஊருக்கும், ஒரு மனிதரின் நாள்தோறும் நடக்கும் வாழ்வுக்கும் இதே கேள்வி பொருந்தும். இங்கே வள்ளுவரின் உழவரும் நற்செய்தியின் நிலக்கிழாரும் சொல்லாத மூன்றாவது ஒன்றைத் தோட்டக்கலை சொல்கிறது.

களை வந்ததால் புல் மெலியவில்லை. புல் மெலிந்ததால் களை வந்தது. அடர்ந்த புல்தரையில் விதை விழுந்தாலும் ஒளி கிடைக்காது, முளை நிமிராது. கோடை வெயிலில் புல் சாகும்போதும், சங்கத்தார் சிக்கனம் கருதி ஒரேயடியாகத் தரையோடு தரையாக வெட்டும்போதும், வண்டிகளும் கால்களும் மிதித்து மண் இறுகும்போதும் தரையில் வெற்றிடம் பிறக்கிறது. மண்ணுக்கு வெறுமை பொருந்தாது. கிடைத்ததைக் கொண்டு தன்னை மூடிக்கொள்ளும். கோரை அந்த அழைப்புக்கு முதலில் செவிசாய்க்கிறது, அவ்வளவே. அதைப் பிடுங்குவோருக்கு அது சொல்லும் மறுமொழி அதைவிடக் கூர்மையானது. கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கின்றன. மேலே தளிரைப் பிடித்து இழுத்தால் சங்கிலி அறுகிறது. அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியே விழித்து முளைக்கின்றன. ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்று நிற்கும். களைக்கொல்லி தெளித்தாலும் அதுவே: தரை பத்து நாள் மஞ்சளாகக் கிடக்கும், பிறகு முன்னினும் பெரிய வெற்றிடத்தில் முன்னினும் பல்கிய களை.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? அறிந்த தோட்டக்காரர்கள் களையிலிருந்து தொடங்குவதில்லை, மண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் மழை மண்ணை நெகிழ்த்திய பின் கூரிய கம்பியால் அடிக்கொரு துளையாகக் குத்தி, இறுகிய களிமண்ணுக்கு மூச்சு விடுகிறார்கள். மணலும் செம்மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து மெல்லியதாகத் தூவுகிறார்கள். பிழைத்துக் கிடக்கும் திட்டுகளிலிருந்தே கணுவோடு கூடிய அருகின் தண்டுகளை எடுத்து, வெற்றிடங்களில் அரை அடி இடைவெளியில் ஊன்றுகிறார்கள். இறந்துவிட்டது என்று நாம் எண்ணும் புல்லில் பாதி உண்மையில் இறக்கவில்லை. அருகு வறட்சியில் மேலே காய்ந்து, கீழே கணுக்களில் உயிரை ஒளித்துவைத்துக் காத்திருக்கும் இயல்புடையது. நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட இடைவெளிவிட்டு ஆழ நனைப்பது வேரைக் கீழே இழுக்கும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டுவதில்லை. முள்ளும் நஞ்சும் உள்ளவற்றை மட்டும் ஈர மண்ணில் வேரோடு எடுத்து, எடுத்த குழியில் அப்போதே ஒரு புல் தண்டை வைத்து மூடுகிறார்கள். கடைசியாகச் சொன்ன இந்தச் சிறு செயலில்தான் எல்லாம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குழியைத் திறந்து விட்டுச் செல்வதில்லை.

நற்செய்தியில் இதற்கு இணையான ஓர் உவமை, களைகளின் உவமைக்கு முந்திய அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆயினும் இரண்டையும் சேர்த்து மறையுரைகளில் கேட்பது அரிது. மனிதரை விட்டு நீங்கிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கித் துப்புரவாக, அணி செய்யப்பட்டு, ஆனால் வெறுமையாக இருக்கிறது. அது தன்னினும் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துக்கொண்டு குடியேறுகிறது. வீட்டுக்காரர் செய்த குற்றம் யாது? பெருக்கியதா? இல்லை. பெருக்கியதோடு நின்றுவிட்டது.

குடியை விட்டவர்களோடு பழகியவர்கள் இதை நூல் படிக்காமலே அறிவார்கள். ஒருவர் தவக்காலத்தில் வாக்குக் கொடுத்து மதுவை விடுகிறார். நாற்பது நாளும் உறுதியோடு இருக்கிறார். வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் மாலை ஏழு மணி என்று ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து களைத்து வந்த உடலோடு, பேசுவதற்கு ஆளின்றி, கடன்காரரின் நினைவோடு, அந்த ஏழு மணியை அவர் நாள்தோறும் தனியே கடக்க வேண்டும். முன்பு அந்த மணி நேரத்தில் அவருக்கு இடம் இருந்தது, தோழர் இருந்தனர், சிரிப்பு இருந்தது. மதுவை எடுத்தோம், அதனோடு இவை அனைத்தையும் எடுத்தோம், அங்கே எதை ஊன்றினோம்? உயிர்ப்புப் பெருவிழாவின் இரவிலேயே அவர் மீண்டும் குடித்துவிட்டு வந்தால், ‘இவனைத் திருத்த முடியாது’ என்கிறோம். மதுவிலிருந்து மீண்டவர்கள் தங்களுக்குள் கூடி அமரும் குழுக்கள் உலகெங்கும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அவை தடுப்பதில் வல்லவை என்பதன்று. அந்த மாலை நேரத்தில் ஒரு நாற்காலியையும் ஒரு தேநீர்க் குவளையையும் கேட்கும் செவியையும் வைக்கின்றன என்பதே. மதுக்கடையை மூடக் கோரிப் போராடுவோரை நாம் மதிக்கிறோம். எத்தனை பங்குகளில் மாலை ஏழு மணிக்கு ஆண்கள் வந்து அமர ஒரு திண்ணை இருக்கிறது என்றும் அவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

நிற்க. புல்தரையைத் திருத்துவது நல்லதுதானா என்பதே இதுவரை கேட்கப்படவில்லை. கோடையில் பச்சையாக ஒரு புல்தரையை வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு அது 460 லிட்டருக்கு மேல் வருகிறது. குடக் கணக்கில் முப்பது குடம். நகரவாசி ஒருவரின் நாள் தேவைக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு 135 லிட்டர். எனவே அந்தச் சிறு புல்தரை மூன்று பேருக்கு மேற்பட்டோரின் நீரைக் குடிக்கிறது. 2019ஆம் ஆண்டின் கோடையை நாம் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டு கிடக்க, அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னைக்கு வந்தது. 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் நீர்! அந்த நீரில் ஒரு துளியேனும் புல்லுக்குப் போயிருக்குமாயின் அது பாவமா என்று வினவுவோருக்கு நம் விடை: ஆம். குளியலறைக் கழிவுநீரை வடிகட்டிப் பாய்ச்சுவது வேறு. குடிநீர் வண்டிக்காகக் குடங்கள் வரிசையில் நிற்கும் தெருவில் தெளிப்பான் சுழல்வது வேறு.

மழை மிகுந்து பெய்யும் குளிர்நாட்டுப் பழக்கத்தை வெயில்நாட்டில் வைத்துக்கொண்டதால் வந்த தொல்லை இது. கூப்பிடு தொலைவில் உள்ள கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமான்கள் மேயும் புல்வெளிகள் இருக்கின்றன. அங்கே கோடையில் புல் பழுக்கிறது, மழையில் துளிர்க்கிறது, அதை யாரும் நோய் என்று கருதுவதில்லை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெறும் ஊரில், மே மாதத்துப் பழுப்பு நிறமும் நிலத்தின் இயல்புகளுள் ஒன்றே. வறண்ட புல்தரையைச் செப்பனிடுவோர் முதலில் செப்பனிட வேண்டியது, ஆண்டு முழுதும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையையே.

கோரையிடம் மீண்டும் வருவோம். நாம் பிடுங்கும் கோரை இந்த மண்ணுக்குப் புதிதாக வந்த ஒன்றன்று. ஏரிக்கரையிலும், வயல் வரப்பிலும், தெற்கே பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலும் கோரை இனங்கள் நம் சாலைகளுக்கும் பலகணிகளுக்கும் நெடுங்காலம் முன்பே வாழ்ந்தவை. பிந்தி வந்தது புல்தரை. அதனினும் பிந்தி வந்தவர்கள் அதன்மேல் நாற்காலி போட்டு அமரும் நாம். 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியில் நீர் வீடுகளுக்குள் புகுந்து நின்றதை நாடு முழுவதும் பார்த்தது. பழைய குடியிருப்பாளர் தம் வீட்டைத் தேடி வந்ததுபோல் அந்நீர் வந்தது. வந்தேறி யார், வீட்டுக்காரர் யார் என்ற வழக்கில், வேளச்சேரியில் வாழும் நாம் பேசத் தயங்க வேண்டியவர்கள்.

தயங்குகிறோமா? அந்த 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அடையாற்றின், கூவத்தின் கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற பெயரால் அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்தின் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து அவர்களைக் காப்பதற்காக என்றனர். பெரும்பாக்கமும் அதே சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலமே. சதுப்பு நிலத்தின் மேலேயே குப்பைமேடு எழுந்தது, அலுவலகங்கள் எழுந்தன, பறக்கும் தொடர்வண்டிப் பாதை எழுந்தது; இவற்றுக்கு ‘வளர்ச்சி’ என்று பெயர். எஞ்சிய சதுப்புக்கு 2022ஆம் ஆண்டு ராம்சார் ஒப்பந்தத்தின்படி உலக அளவிலான தகுதி கிடைத்தது, மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஏரியின் மேல் நிற்கும் குடிசைக்கு ஒரு சொல்லும், ஏரியின் மேல் நிற்கும் மாடிவீட்டுக்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கும் நம் மொழி, களை என்னும் சொல்லை யார் சொல்கிறார் என்பதை நினைவூட்டுகிறது. ஆற்றங்கரையில் யாரும் குடியிருக்கலாகாது என்பது சரியான கொள்கை. பிடுங்கிய கையால் ஊன்றவும் வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்த கொள்கை. பள்ளியையும், வேலையிடத்தையும், மருத்துவமனையையும் நெடுந்தொலைவில் விட்டுவிட்டு மனிதரை மட்டும் பெயர்த்து வைப்பது நாற்று நடுவதாகாது. நகரத்துப் புல்தரைகளில் களை எடுக்கவும் வீடுகளில் பாத்திரம் துலக்கவும், அவ்வாறு பெயர்க்கப்பட்டோருள் பலர் இன்றும் விடியலில் பேருந்து ஏறி வருகிறார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலில் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைப் பற்றிய ஒரு செய்தியை நினைவுகூர்கிறார். துறவற இல்லத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் பண்படுத்தாமல் விட்டுவைக்கும்படி அப்புனிதர் கேட்டுக்கொண்டாராம். காட்டுப் பூக்களும் மூலிகைகளும் அங்கே தம் விருப்பப்படி வளரவேண்டும் என்பதற்காக. தோட்டம் முழுவதையும் காடாக விடச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. துறவிகள் உண்ண வேண்டுமே! காய்கறிப் பாத்தியில் களை எடுத்திருப்பார்கள். ஆனால் நம் தீர்ப்பு செல்லாத ஓர் இடம் தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் கருதியதாகத் தெரிகிறது.

எங்கள் குடியிருப்பில் இவ்வாண்டு அதைச் சோதித்துப் பார்க்க இசைந்திருக்கிறார்கள். மழைநீர் தேங்கும் தென்கிழக்கு மூலையில் ஏறத்தாழ இருநூறு சதுர அடி. அங்கே பார்த்தீனியத்தையும் நெருஞ்சியையும் தவிர எதையும் பிடுங்குவதில்லை என்று முடிவு. மற்ற இடங்களில் துளையிட்டு, எருவிட்டு, அருகின் தண்டுகளை ஊன்றியாகிவிட்டது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டார் பாம்பு வரும் என்று அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. ஆதலால் மூலையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைக்க வேண்டும் என்று ஒருவரும், வேலி போட வேண்டும் என்று மற்றொருவரும் சொல்லியிருக்கின்றனர். கீரை பறித்துக்கொள்ளலாமா என்று களை எடுக்க வரும் அம்மாள் கேட்டார். பறித்துக்கொள்ளலாம் என்று சங்கச் செயலர் சொல்லிவிட்டார். வேலியைப் பற்றிய பேச்சு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.